விருந்தாளி சொல்லுதேன், கேட்டுக்கோ மருமவனே

ஏடே மருமவனே, வீட்டை அலங்காரம் பண்ண வந்த அந்தப் பையன் கம்ப்யூட்டர்ல ஒன் புது வீட்டைச் சுத்திச் சுத்திக் காட்டுனான்லா, நானும் கண்ணாடியைத் தொடச்சிட்டுப் பாத்தேன். மேல பொய்க்கூரை, அதுக்குள்ள ஒளிஞ்சிருக்க வெளக்கு, செவுத்துல நீலமும் சாம்பலும். எல்லாம் ஜோர். ஒரு சந்தேகந்தான். அந்தப் படத்துல ஒரு மனுசன்கூட இல்லையே, ஏன்? சோபா இருக்கு, உக்கார ஆள் இல்ல. சாப்பாட்டு மேசை இருக்கு, ஒரு பருக்கை சிந்தலை. வாசல்ல ஒரு சோடிச் செருப்பாவது கெடக்கணுமே, அதுவும் இல்ல. 'கெஸ்ட் வந்தா அசந்து போயிருவாங்க சார்'ங்கான். விருந்தாளி அசந்து போறதுக்கா வாரான்? அசந்து தூங்கல்லா வாரான்.

'நீங்களே சொல்லுங்க மாமா, வீட்டுக்கு வாரவங்களுக்குச் சௌகரியமா இருக்க என்ன செய்யணும்'னு கேட்ட பாத்தியா, அது சரியான ஆள்ட்ட கேட்ட கேள்வி. ஒன் அத்தை போன பெறகு எனக்கு உத்தியோகமே விருந்தாளி உத்தியோகந்தான். குரோம்பேட்டையில ஒருத்தன், சேலையூர்ல நீ, பெருங்களத்தூர்ல ஒருத்தி, முடிச்சூர்ல ஒருத்தி. 2021-ல தாம்பரத்தை மாநகராட்சி ஆக்குனாவளே, அதோட மேயர்கூட எல்லாத் தெருவுக்கும் போயிருக்கலாம், எல்லா வீட்டுப் பாத்ரூமுக்கும் போயிருக்க முடியாது. நான் போயிருக்கேன். வீட்டை வரைஞ்சவன் சொல்லுத யோசனை வேற, அந்த வீட்டுல நடுராத்திரி இருட்டுல எந்திரிச்சவன் சொல்லுத யோசனை வேற.

மொத்த விசயத்தையும் ஒத்த வரியில சொல்லிருதேன், பெறகு காப்பி வந்ததும் வெளக்குதேன். வந்தவனை எதையும் கேக்க வைக்காத. கேட்டு வாங்கணும்னா நான் ஓட்டல்லயே ரூம் போட்டிருப்பேனே, அங்க கேக்கதுக்காவது மணி வச்சிருக்கான்.

மொதல்ல இந்தப் பக்கத்துக்கு வார விருந்தாளி எப்பேர்ப்பட்டவன்னு தெரிஞ்சுக்கோ. மைலாப்பூர்க்காரன் வீட்டுக்கு விருந்தாளி சாயங்காலம் அஞ்சு மணிக்குக் குளிச்சி, பவுடர் போட்டு வருவான். ஒன் வீட்டுக்கு விடியக்காலம் வருவான், பல்லு வெளக்காம. தெக்க இருந்து வார ரயில்ல அநேகமா எல்லாமே தாம்பரத்துல நின்னுட்டுத்தான் எழும்பூருக்குப் போவுது. பஸ்ஸும் அப்படித்தான். முந்தி கோயம்பேடு வரைக்கும் போவாம பெருங்களத்தூர்லயே எறங்கிருவோம். 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்துல 88 ஏக்கர்ல புது பஸ் ஸ்டாண்டைத் தெறந்தாவ, இப்ப தெக்கத்தி பஸ் அங்கனயே ஆளை எறக்கி விட்டுருது. ராத்திரி முழுக்க ஏசியில வெறைச்சி, பின்சீட்டுப் பிள்ளையோட அழுகையை விழுப்புரம் வரைக்கும் கேட்டு, முன்சீட்டுக்காரன் சாச்ச சாய்ப்புல முட்டு மடங்கி வந்து எறங்குதான் பாரு, அவந்தான் ஒன் விருந்தாளி.

எதுக்கு வாரான்? ஒன்னைப் பாக்கன்னு நெனைச்சிக்கிடாத. சானடோரியத்துல 2005-ல ஆரம்பிச்ச தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்குல்லா, அங்க முட்டு வலிக்குச் சீட்டுப் போட வாரான். மகனைக் கிறிஸ்தவக் கல்லூரியில சேக்க வாரான். அது 1937-ல பட்டணத்துல இருந்து இங்கன குடி வந்த கல்லூரி. அதுவே ஒரு வகையில விருந்தாளிதான், வந்தது போவலை. மீனம்பாக்கத்துல பேத்தியை பிளேன் ஏத்தி விட வாரான். கல்யாணத்துக்கு வாரான். ஒன்னைப் பாக்கதுக்குன்னே வாரவன் நூத்துல ஒருத்தன். அவன்ட்ட மட்டும் சாக்கிரதையா இரு, கடன் கேக்க வந்திருப்பான்.

சரி, வந்தான். மொதல் தடை கேட்டு. யாரு, எந்த பிளாட், என்ன விசயம்னு ஒரு நோட்டு. அதுல நூலு கெட்டி ஒரு பேனா தொங்கும், எழுதாது. இப்ப நோட்டும் போயி போன்ல ஏதோ ஆப்பு வந்திருக்காம். நீ மேல இருந்து ஒரு பொத்தானை அமுக்குனாத்தான் கீழ எனக்குக் கதவு தெறக்கும். நீ அந்நேரம் போனைச் சத்தமில்லாமப் போட்டுட்டுக் கொறட்டை விடுவ. விருந்தோம்பலுக்குன்னு வள்ளுவர் ஒன்பதாவது அதிகாரத்தையே ஒதுக்கி வச்சாரே, பத்துக் குறள்ல ஒண்ணுலயாவது வாட்ச்மேன் வாரானா? பிளாட்டு இல்லாத காலம், மனுசன் தப்பிச்சிட்டாரு. நீ என்ன செய்யி, முந்தின நாளே அந்த வாட்ச்மேன்ட்ட, 'காலையில எங்க மாமா வருவாரு, வெள்ளை வேட்டி, கையில மஞ்சப் பை, பாக்கதுக்குக் கோவக்காரரு மாரி இருப்பாரு, ஒண்ணுஞ் செய்ய மாட்டாரு'ன்னு சொல்லி வையி. அவன் என்னைப் பாத்ததும் 'வாங்கய்யா'ன்னு கேட்டைத் தெறந்துட்டாம்னா, அந்தப் பொய்க்கூரைக்கு நீ எவ்வளவு செலவழிச்சன்னு நான் கேக்கவே மாட்டேன்.

நம்ம ஊரு வீட்டுல படி ஏறுனா ரெண்டு பக்கமும் திண்ணை, உள்ள நொழைஞ்சா தார்சா, அதுக்கும் உள்ள பட்டாசல். தபால்காரர் திண்ணையோட, பேச்சுத்துணைக்கு வந்தவன் தார்சாவுல, சாப்பிட வந்தவன் பட்டாசல்ல. திண்ணையில உக்கார எவனும் எவன்ட்டயும் உத்தரவு கேக்க வேண்டாம். கதவு சாத்திக் கெடந்தாலும் அது வந்தவன் எடம். அதுல ஒரு அயோக்கியத்தனமும் இருந்துது, மறைக்கப்படாது. எவன் திண்ணையோட நிக்கணும், எவன் தெருவோட நிக்கணும்னு சாதி கோடு போட்டு வச்சிருந்துது. அது தொலைஞ்சா நல்லதுதான். கோட்டை அழிக்கணும்னா கோட்டைத்தான் அழிக்கணும், திண்ணையையும் சேத்து இடிச்சிட்டு அந்த எடத்துல காரை நிப்பாட்டிட்டோம். காருக்குக் கெடைச்ச நெழல் கார்ல வந்தவனுக்கு இல்ல.

ஒன் பிளாட்டுல திண்ணைக்கு எங்க போவ? செருப்பு வைக்க மரத்துல அலமாரி செய்யப் போறான்லா, அதுக்குப் பக்கத்துல ஒரு முக்காலி போடு. அவ்வளவுதான் திண்ணை. எழுவது வயசுல ஒத்தக் கால்ல நின்னு செருப்பு வாரைக் கழட்டிப் பாரு, தெரியும். செவுத்தைப் பிடிக்காம நிக்க முடியாது. பிடிச்சா ஒன் நீலச் செவுத்துல அஞ்சு விரலும் பதியும். நீ ஒண்ணுஞ் சொல்ல மாட்ட. என் மருமவளும் சொல்ல மாட்டா, தங்கமான பிள்ளை. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அந்த விரல் தடத்தைப் பாப்பிய பாரு, அதுக்கு நாலு வார்த்தை வஞ்சிரலாம்.

அடுத்தது, வந்தவனுக்கு மொதல்ல காப்பி குடுக்கணும்னு எவன் சொன்னான்? மொதல்ல கக்கூஸைக் காட்டு. ராத்திரி பூரா பஸ்ல வந்தவன்ட்ட காப்பியை நீட்டி, 'ஊர்ல மழையா மாமா'ன்னு ஒக்காத்தி வச்சிப் பேசுத பாரு, அது கொலை பாதகம். வாசல்ல வச்சே 'அந்தக் கதவு மாமா, உள்ள வெளக்குப் போட்டிருக்கேன்'னு சொல்லிரு. வெளக்குன்னதும் ஞாபகம் வருது. சுவிட்சு வெளிய இருக்கும், ஏழெட்டு வரிசையா. எது வெளக்கு, எது பேன், எது ஹீட்டர்னு ஒரு எழவும் எழுதியிருக்காது. ஒண்ணை அமுக்குனா பக்கத்து ரூம்ல தூங்குத கொழந்தை தலைக்கு மேல வெளக்கு எரியும். ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி ஒட்டுனா ஒன் கௌரவமா கொறைஞ்சிரும்?

உள்ள போனா அங்க ஒரு குழாய். ஒத்தக் குழாய்தான், ஆனா அதுல இருந்து வாளிக்கும் வரும், தலைக்கு மேல தட்டுலயும் வரும். எது எப்ப வரும்னு அதுக்கே தெரியாது. குரோம்பேட்டை வீட்டுல, கால் கழுவத்தான் நான் அதைத் திருப்புனேன். திருப்புன வாக்குல, நடுவுல இருந்த குமிழை லேசா இழுத்திருக்கேன் போல. மார்கழி மாசம் மருமவனே. வேட்டி, சட்டை, சட்டைப் பையில வச்சிருந்த ரயில் டிக்கெட்டு, மூக்குக் கண்ணாடி, எல்லாத்தோடயும் எனக்கு அபிசேகம் நடந்துது. கதவைத் தெறந்து வெளிய வந்தா வீட்டுக்காரன் கேக்கான், 'குளிச்சாச்சா மாமா, துண்டு வேணுமா?' அன்னைக்கு முடிவு பண்ணுனேன், ஒரு வாளியும் மக்கும் வச்சிருக்க வீடுதான் வீடு. கையில பிடிச்சி அடிக்க குழாய் வச்சாச்சு, மக்கு எதுக்குங்காவ. வையி. பிளாஸ்டிக் மக்கு வெலைக்கு ஒன் குடி முழுகாது. தரையில தண்ணி வழுக்காம பாத்துக்கோ, எந்திரிக்கையில பிடிக்கதுக்குச் செவுத்துல ஒரு கம்பி போடு. அந்த மூணு பொய்க்கூரை வெளக்குல ஒண்ணைக் கொறைச்சா இந்தக் கம்பி வந்துரும். துண்டை வெளிய, கண்ணுல படுத எடத்துல வையி. பீரோக்குள்ள பூட்டி வச்ச துண்டைக் கேக்க எந்த விருந்தாளிக்கும் வாய் வராது; அவன் பாட்டுக்கு வேட்டித் தலைப்புல தொடச்சிட்டு வந்து சளி பிடிச்சிக் கெடப்பான்.

தண்ணியைப் பத்திப் பேச எனக்கு உரிமை உண்டு. தாமிரபரணியைக் குடிச்சி வளந்தவன்லா. அந்தத் திமிரோடதான் நாங்க எல்லாரும் இங்க வந்து எறங்குதோம், எங்களைத் திருத்த முடியாது. ஒன் போர் தண்ணியில சோப்பு நுரைக்க மாட்டேங்கு, தலைமுடி நாரா ஆவுது, டம்ளர்ல வெள்ளைப் படலம். தப்பு ஒன்மேல இல்ல. சிக்கல் எங்க வருதுன்னா, ஒன் வீட்டுல தண்ணி மூணு சாதி. போர் தண்ணி ஒண்ணு, லாரித் தண்ணி ஒண்ணு, 20 லிட்டர் கேன் தண்ணி ஒண்ணு. எந்தக் குழாயில எது வருதுன்னு வீட்டுக்காரனுக்குத் தெரியும், வந்தவனுக்கு எவன் சொல்லுவான்? அவன் அடுக்களையில நின்னு குழாயையும் கேனையும் மாறி மாறிப் பாப்பான். கேன் கிட்ட போனா ஒன் முகம் போற போக்கைக் கண்டுருவான். சித்திரை வைகாசியில விருந்தாளி குளிக்கப் போனா நீ வெளிய நின்னு வாளி ரொம்புத சத்தத்தை எண்ணுதேன்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்னு ஒனக்கும் தெரியும். அதான் கேக்கேன், அந்தக் கஷ்டம் ரெண்டு பேருக்கும் எதுக்கு? ஒரு டிரம்மை ரொப்பி வச்சி, 'இது ஒங்களுக்குத்தான் மாமா, பூரா ஊத்துங்க'ன்னு சொல்லிரு. அளவு தெரிஞ்சா எவனும் அதுக்கு மேல போவ மாட்டான். பாதிதான் செலவாவும், பெருமை முழுசா வந்துரும். ராத்திரி படுக்கைக்குப் பக்கத்துல ஒரு செம்புத் தண்ணி. அது போதும்.

இந்தத் தாம்பரத்துக்குச் சனங்க மொதமொதல்ல எதுக்குக் கூட்டமா வந்தாவ தெரியுமா? காத்துக்கு. சிரிக்காத, நெசமாத்தான். சவுரிமுத்துன்னு ஒரு டாக்டரு, சீமையில மெண்டிப் மலையில காசநோய்க்காரங்களுக்கு ஆஸ்பத்திரி நடத்துனவரு, 1928-ல இங்க வந்து சானடோரியத்தைக் கெட்டுனாரு. அப்ப காசநோய்க்கு மருந்தே கெடையாது. நல்ல காத்து, வெளிச்சம், சத்தான சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான் வைத்தியம். 1937-ல சர்க்கார் எடுத்துக்கிட்டுது. அந்தப் பேர்லயே ஒரு ரயில் டேசனும் இருக்கு. 1931-ல பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் கரண்டு ரயில் விட்ட பெறகு பட்டணத்துக்காரனுக்கு இங்க வந்து போறது லேசாப் போச்சு. காத்து வாங்க வந்த ஊருக்கு வந்து பிளாட்டு வாங்கிட்டு, ஜன்னலைப் பூராம் அடைச்சி வச்சிருக்க. ஒங்க ரூம்ல ஏசி. ஹால்ல படுத்த விருந்தாளிக்கு மேல ஒரு பேன், அது ஒண்ணாம் நம்பர்ல சுத்துனாலும் சத்தம், அஞ்சாம் நம்பர்ல சுத்துனாலும் சத்தம், காத்து மட்டும் இல்ல. கொசுங்கியா? ஆமா, தாம்பரத்துக் கொசுவைப் பத்தி ஊர்ல போயி நான் சொன்னா நம்ப மாட்டேங்கான். ஜன்னலுக்கு வலை அடி. மத்த எந்த அலங்காரத்துக்கும் முந்தி அதைச் செய்யி. வலை அடிச்ச ஜன்னலோரம் விருந்தாளிக்குப் படுக்கையைப் போட்டுப் பாரு, மறுநாள் எந்திரிச்சதும் ஒன் பிள்ளையை வாழ்த்துவான்.

படுக்கைன்னா கட்டில், மெத்தைன்னு கடைக்கு ஓடாத. பல்லாவரத்துல வெள்ளிக்கிழமை சந்தை கூடும்லா, போயிப் பாரு. கம்ப்யூட்டர்ல இருந்து கரண்டி வரைக்கும் கெடக்கும். பழைய மரப் பெஞ்சு ஒண்ணு பேரம் பேசி வாங்கு. பெஞ்சுல நாலு பேரு உக்காரலாம், ஒருத்தன் நீட்டிப் படுக்கலாம், மேல ஏறிப் பரண்ல இருந்து பாத்திரம் எறக்கலாம். அந்தச் சோபாவுல இதுல எது முடியும்? அதுல உக்காந்தா எந்திரிக்க ரெண்டாளு கை குடுக்கணும். அதுமேல மஞ்சக் கலர்ல துணி, துணிமேல இன்னொரு துணி. அழுக்காயிரும்னு மருமவளுக்குப் பயம், உக்காந்தா அழுக்காயிரும்னு எனக்குப் பயம். அதே பல்லாவரத்துல 1863-ல ராபர்ட் புரூஸ் பூட்டுன்னு ஒரு வெள்ளைக்காரரு, பூமியைச் சோதிக்கத உத்தியோகம் பாத்தவரு, ஒரு கல்லுக் கோடாலியைக் கண்டெடுத்தாரு. லட்சக்கணக்கான வருசத்துக்கு முந்தி ஆளுக இங்க இருந்துருக்காவன்னு அதுல இருந்துதான் வெளிய தெரிஞ்சுது. அந்தக் கோடாலிக்காரன் வீட்டுக்கும் ஒறம்பரை வந்துதானே இருக்கும்? சோபா இல்லாமத்தான் சமாளிச்சிருக்கான்.

இன்னொண்ணு, ஒன் கல்யாணத்துக்கு நான் பத்தமடைப் பாய் வாங்கிக் குடுத்தேன். புவிசார் குறியீடு வாங்குன பாய். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டியிருக்க. பாயைச் செவுத்துல மாட்டிட்டு மாமனைத் தரையில படுக்க வச்ச குடும்பம் நம்ம வம்சத்துலயே ஒன் குடும்பந்தான். நாளைக்கே அதைக் கழட்டிக் கீழ விரி.

சாப்பாட்டு விசயத்துல மருமவ கையில நெய்யும் உண்டு, மனசும் உண்டு. ஆனா ஒங்க தலைமுறைக்கு ஒரு வியாதி. காப்பியா, டீயா, பூஸ்ட்டா, சீனி போடவா, கருப்பட்டி போடவா, அரை டம்ளரா, முழுசாவான்னு ஆறு கேள்வி கேட்டு முடிக்கதுக்குள்ள எனக்கு எந்திரிச்சி நின்னு பதில் சொல்லணும் போல இருக்கு. போட்டுக் கொண்டாந்து வையி. வேண்டாதவன் ஆறப் போட்டுருவான், அதைப் பாத்து நீ தெரிஞ்சிக்கோ. மத்தியானம் இன்னும் மோசம். போனை என் கையில குடுத்து, 'எது வேணும்னாலும் ஆர்டர் பண்ணுங்க மாமா'ங்க. பெருந்தன்மைதான். படத்துக்குக் கீழ வெலை போட்டிருக்கானே, அதைப் பாத்துட்டு எந்த மானமுள்ள மனுசன் பிரியாணிம்பான்? 'வயிறு சரியில்ல, தயிர்சாதம் போதும்'னுட்டு, சாயங்காலம் கேம்ப் ரோட்டுல தனியா நின்னு பஜ்ஜி தின்னேன். நீ பாத்திருப்ப, பாக்காத மாரிப் போன. அதுக்கு நன்றி. வீட்டுல என்ன இருக்கோ அதையே போடு. நேத்து வச்ச புளிக்கறியா இருந்தாலும் சரி. எனக்காகன்னு ஒண்ணும் செய்யலைன்னு தெரிஞ்சா இன்னொரு நாளு இருக்கலாம்னு தோணும். அதுதான் ஒனக்குப் பயம்னா புதுசாச் சமை.

வீட்டோட லெச்சணம் எப்ப தெரிஞ்சுதுன்னு சொல்லட்டா? 2015 டிசம்பர்ல. ஒண்ணாந் தேதி காலையில இருந்து மறுநாள் காலை வரைக்கும் தாம்பரத்துல மட்டும் 49 சென்டிமீட்டர் மழைன்னு வானிலைக்காரங்க கணக்கு சொன்னாவ. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரி எல்லாம் ரொம்பி வழிஞ்சி அடையாத்துல வந்து விழுந்துது. முடிச்சூரும் வரதராஜபுரமும் கழுத்தளவு தண்ணியில நின்னுது. நான் அப்ப முடிச்சூர்ல நம்ம சின்னவ வீட்டுலதான் மாட்டிக்கிட்டேன், மாடி வீடு. கீழ்வீட்டுக்காரங்க வந்தாவ, எதுத்த வீட்டுக்காரங்க வந்தாவ, மூணாவது தெருவுல இருந்து ஒரு பாட்டியை நாக்காலியோட தூக்கிட்டு வந்தாவ. அதுவரைக்கும் சின்னவளுக்குக் கீழ்வீட்டுக்காரிகூட தண்ணி மோட்டார் சண்டையில பேச்சுவார்த்தை இல்ல. கரண்டு கெடையாது. இருந்த ஒரே சிலிண்டரை அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும்னு நிப்பாட்டிட்டா, பால் காய்ச்சக்கூட மாட்டேன்னுட்டா, கைப்பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்கு. எல்லாத்தையும் ஒரே குக்கர்ல போட்டு, விசில் விசிலா எறக்கிக் குடுத்தா. கீழ்வீட்டுக்காரி ரெண்டாம் நாளே எந்த டப்பாவுல உப்புன்னு கேக்காம எடுத்துப் போட்டா. எவனும் எவன்ட்டயும் 'சொல்லிட்டு வந்திருக்கலாமே'ன்னு சொல்லலை. பீரோவுல இருந்த துண்டு, போர்வை, கல்யாணப் பட்டுச் சேலை வரைக்கும் வெளிய வந்து ஈரத் தலையைத் தொடச்சுது. அந்த வீட்டுல இன்னைக்கும் சோபா கெடையாது. போன கார்த்திகைக்குப் போயிருந்தேன், கீழ்வீட்டுக்காரி கதவைத் தட்டாம உள்ள வந்து என்ட்ட 'வாங்க பெரியப்பா'ன்னா. மோட்டார் சண்டை திரும்ப ஆரம்பிச்சிட்டுதாம், அது வேற விசயம்.

ஒனக்கு அப்படி வெள்ளம் வரணும்னு நான் சபிக்கலை. அந்த உப்பு டப்பாவை மட்டும் கவனிச்சிக்கோன்னு சொல்லுதேன். வந்தவனுக்கு ஒரு வேலை குடு. இது ஒனக்கு வித்தியாசமாத் தெரியும். 'நீங்க உக்காருங்க மாமா, ஒண்ணுஞ் செய்யப்படாது'ன்னு மரியாதையா உக்காத்தி வச்சிட்டு நீங்க ரெண்டு பேரும் ஆபீஸுக்குப் போயிருதிய. காலையில ஒம்பதுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் ஒன் வீட்டு டிவி ரிமோட்டுல எந்தப் பொத்தான்னு தெரியாம நான் செவுத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன், செவுத்துல பாயி. அதுக்குப் பதிலா பையைக் கையில குடுத்து, 'சண்முகம் ரோட்டு மார்க்கெட்டுல முருங்கைக்காய் வாங்கிட்டு வாங்க மாமா, எங்களுக்குப் பேரம் பேசத் தெரியலை'ன்னு சொல்லிப் பாரு. நான் மேக்குத் தாம்பரம் போயி, நாலு கடையில சண்டை போட்டு, ரெண்டு ரூவா கொறைச்சி, அதுக்கு இருவது ரூவாய்க்கு டீயும் வடையும் சாப்பிட்டுட்டு வருவேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு வார தூக்கமே தனி. பெண்டுகளுக்கும் அப்படித்தான். ஒன் அம்மை வந்தா அவளை வெங்காயம் உரிக்க விடு. உரிக்க விடாத வீட்டுல அவ ரெண்டு நாளைக்கு மேல இருக்க மாட்டா.

ஊர் சுத்திக் காட்டுதேன்னு இழுத்துட்டுப் போவாத. எல்லாரும் மொதல்ல சொல்லுதது வண்டலூர் மிருகக்காட்சிசாலை. 1985-ல பட்டணத்துக்குள்ள இருந்து அந்த மிருகங்களை அங்க கொண்டுபோனாவ, மிருகத்துக்கு நல்ல எடம்தான், பரந்த காடு. மனுசனுக்கு நடந்து முட்டு தேயுது. போறதுன்னா செவ்வாக்கிழமை போவாத, அன்னைக்கு லீவு. பெருங்களத்தூர்க்காரி என்னையும் ரெண்டு பேரப்பிள்ளைகளையும் செவ்வாக்கிழமை கூட்டிட்டுப் போயி, பூட்டுன கேட்டுக்கு முன்னால நிப்பாட்டி, 'இதுதான் தாத்தா ஜூ'ன்னு காட்டிட்டுக் கூட்டிட்டு வந்தா.

கடைசியா, அனுப்பி வைக்கது. வந்த அன்னைக்கே 'எப்ப கெளம்புதிய'ன்னு கேக்காத, அது எல்லாருக்கும் தெரிஞ்ச பாடம். தெரியாத சூட்சுமம் ஒண்ணு இருக்கு. இப்ப ரயில் டிக்கெட்டு 60 நாளைக்கு முந்தியே எடுக்க வேண்டியிருக்கு, வாரவன் திரும்பிப் போற டிக்கெட்டையும் சேத்துத்தான் பையில வச்சிருப்பான். நைஸா அதை மட்டும் தெரிஞ்சிக்கோ. கன்பார்ம் டிக்கெட்டுன்னு உறுதி ஆன பெறகு, கெளம்புத அன்னைக்குக் காலையில கையைப் பிடிச்சிக்கிட்டு, 'இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போலாமே மாமா'ன்னு அழுவுத கொரல்ல சொல்லு. செலவே இல்லாத உபசாரம். பத்து வருசத்துக்கு ஊர்ல ஒன் பேரைச் சொல்லிக்கிட்டே இருப்பான். தாம்பரம் டேசனுக்குப் போற ஆட்டோவுல நீயும் கூட ஏறு, புளியோதரைப் பொட்டலத்தை அவன் சீட்டுக்குப் பக்கத்துல வச்சிட்டு எறங்கு. வண்டி நகந்த பெறகு நீ என்ன பேசிக்கிட்டே வீட்டுக்குப் போனாலும் அவனுக்குக் கேக்காது.

என் டிக்கெட்டா? நல்லவேளை கேட்ட. அது வெயிட்டிங் லிஸ்டு. கன்பார்ம் ஆவலைன்னா தானா கேன்சல் ஆயி காசு திரும்பி வந்துரும்னு ஒன் மகன் போன்ல பாத்துச் சொன்னான். காசு திரும்பி வந்துரும் மருமவனே, ஆளு இங்கனதான் இருப்பேன். போயி அந்தப் பாயைக் கழட்டு.